கதம்பக் கைத்துப்பாக்கி

பிட்ஸ்பர்க் நகரிலிருந்து பென் ஹில்ஸ் வேங்கடேசுவரர் கோயிலுக்குப் போகும் 376ஆம் எண் நெடுஞ்சாலையில், கோபுரம் கண்ணில் படுவதற்குச் சில மைல்களுக்கு முன்னால், 'எட்ஜ்வுட் – ஸ்விஸ்வேல்' என்று ஓர் இறங்குவழிப் பலகை வரும். பதினேழு ஆண்டுகளாக அந்தப் பலகையைக் கடந்து போய்க்கொண்டிருந்தும் ஸ்விஸ்வேல் என்ற ஊரைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் என் கைக்கு வந்த பழைய கைத்துப்பாக்கி ஒன்றின் ஸ்லைடில் (சுடும்போது பின்னுக்கு ஓடித் திரும்பும் மேல்பாகம்) அந்தப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஸ்லைடைக் கழற்றிப் பார்த்தபோது, அடியில் இருந்த ஃபிரேம், அதாவது கைப்பிடியோடு கூடிய உடல்பாகம், வேறோர் ஊரில், வேறோர் ஆலையில், வேறோர் ஆண்டில் செய்யப்பட்டது என்று தெரிந்தது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதா, அப்படியே விட்டுவிடுவதா என்று முடிவெடுக்க எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின.

துப்பாக்கி வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓர் இயந்திரப் பட்டறையில் உதிரிபாகங்களின் அளவைச் சரிபார்க்கும் தரக்கட்டுப்பாட்டு வேலையில் இருக்கிறேன். என்னோடு பல ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தில் நின்ற மூத்த நண்பர் ஒருவர் காலமானார். வீட்டைக் காலி செய்யத் தொடங்கிய அவருடைய மனைவி, தன் மாமனார், அதாவது நண்பரின் தந்தை, போருக்குக் கொண்டுபோனது என்று சொல்லப்பட்ட ஒரு கைத்துப்பாக்கியை முன்பின் தெரியாதவருக்கு விற்க மனமில்லை என்றும், 800 டாலருக்கு நான் எடுத்துக்கொண்டால் நிம்மதி என்றும் கேட்டுக்கொண்டார். பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கியைத் தனியாருக்குள் நேரடியாகக் கைமாற்றிக்கொள்ள முடியாது. உரிமம் பெற்ற வணிகரிடமோ மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்திலோ இருவரும் போய் நின்று, வாங்குபவரின் பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் வாங்கலாம். கணவன் மனைவிக்கும், பெற்றோர் பிள்ளைகளுக்கும், தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளுக்கும் அதில் விலக்கு உண்டு. எச்-1பி விசாவில் இருந்த காலத்தில் இது எனக்கு அநேகமாக எட்டாத காரியமாக இருந்திருக்கும். பச்சை அட்டை வந்த பிறகு தடையில்லை. என் மனைவிக்கு மட்டும் வருத்தம்தான். "வீட்டுக்குள்ள வரணும்னா பெட்டியும் பூட்டும் முதல்ல வரணும்" என்றார். அப்படியே செய்தேன்.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். அது எம்1911ஏ1. ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து, 1911 மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1911 கைத்துப்பாக்கியின் திருத்திய வடிவம். முதல் உலகப் போரில் கிடைத்த அனுபவத்தைக் கொண்டு விசையைக் குட்டையாக்கி, கைப்பிடியின் பின்புறத்தை வளைவாக்கி, சுத்தியல் கையைக் கடிக்காமலிருக்கப் பின் வாலை நீட்டி, 1926இல் அதற்கு 'ஏ1' என்று பெயரிட்டார்கள். .45 ஏ.சி.பி. என்ற வகைத் தோட்டா, கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக்கூடான மேகசினில் ஏழு, ஐந்து அங்குலக் குழல், வெறுமையாகவே ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை. 1985இல் பெரெட்டா எம்9 தேர்வாகும்வரை அமெரிக்கப் படையின் கைத்துப்பாக்கியாக இருந்தது இதுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது இவற்றை ஏறக்குறைய 19 லட்சம் செய்தார்கள் என்பதைவிட, செய்தவர்கள் யார் என்பதுதான் எனக்குச் சுவையாக இருந்தது. கோல்ட் நிறுவனம் துப்பாக்கிக்கென்றே பிறந்தது, இத்தாக்கா வேட்டைத் துப்பாக்கி செய்தது, அவர்களை விட்டுவிடலாம். ஆனால் எல்லோரையும்விட அதிகமாகச் செய்தது, தட்டச்சுப்பொறிக்குப் பெயர்போன ரெமிங்டன் ரேண்ட். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில், சும்மா கிடந்த தட்டச்சுப்பொறி ஆலையில் தொடங்கினார்கள். முதலில் வந்தவற்றின் உதிரிகள் மற்றவர்களுடையவற்றோடு பொருந்தாமல் 1943இல் உற்பத்தி நின்றுபோகும் அளவுக்குத் தடுமாறி, பிறகு நிமிர்ந்து, போர் முடிவதற்குள் எட்டே முக்கால் லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். தையல் இயந்திரக்காரர்களான சிங்கர் செய்தது வெறும் 500. அதனாலேயே இன்று ஒரு சிங்கர் துப்பாக்கி ஏலத்துக்கு வந்தால் ஒரு லட்சம் டாலரையும் தாண்டிப் போவதுண்டு. ஐந்தாவதாக வருவதுதான் ஸ்விஸ்வேல். ரயில் தண்டவாளங்களுக்கு சிக்னலும் சுவிட்சும் செய்வதற்காக ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1881இல் நிறுவிய யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னல் நிறுவனம், 1943ஆம் ஆண்டில் மட்டும், 55,000 கைத்துப்பாக்கிகள் செய்துவிட்டு அந்த வேலையை நிறுத்திக்கொண்டது. ஆலை இருந்த இடத்தில் இன்று இருப்பது எட்ஜ்வுட் டவுன் சென்டர் என்ற கடைத்தொகுதி. கோயிலிலிருந்து திரும்பும் வழியில் பால் வாங்க நாங்கள் நிறுத்துகிற அதே இடம்.

என் துப்பாக்கியின் ஸ்லைடு அந்த ஆலையினுடையது. ஃபிரேம் ரெமிங்டன் ரேண்டினுடையது: வரிசை எண் 15 லட்சத்தில் தொடங்குவதால் 1944இல் செய்தது, இடப்பக்கத்தில் 'எஃப்.ஜே.ஏ.' என்ற மூன்று எழுத்துகள், அதாவது அந்த வட்டாரத்து ராணுவக் கண்காணிப்பு அதிகாரி ஃபிராங்க் ஜே. அட்வுட் ஏற்றுக்கொண்டதற்கான முத்திரை. யூனியன் சுவிட்ச் துப்பாக்கியின் ஃபிரேமாக இருந்தால் அங்கே ராபர்ட் சி. டவுனியின் 'ஆர்.சி.டி.' இருந்திருக்கும், வரிசை எண்ணும் 10,41,405க்கும் 10,96,404க்கும் இடையில் இருந்திருக்கும். குழலோ இரண்டு ஆலைக்கும் சொந்தமில்லை. அதில் 7791193 என்ற வரைபட எண் இருந்தது. போருக்குப் பிந்தைய காலத்தில் மாற்றுக் குழல்களுக்கு இடப்பட்ட எண் அது. கைப்பிடியின் பக்கப் பலகைகளில்கூட ஒன்றின் பழுப்பு மற்றதைவிட ஒரு சாயல் சிவப்பு. இத்தகைய துப்பாக்கியை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் 'மிக்ஸ்மாஸ்டர்' என்பார்கள். நான் கதம்பம் என்கிறேன்.

இந்தக் கதம்பத்தைக் கேவலமாகப் பார்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கலப்பது ஒரு விபத்தல்ல. ராணுவம் கேட்டு வாங்கியது அது. ஐந்து நிறுவனங்களில் எது செய்த உதிரியும் எந்தத் துப்பாக்கியிலும் அரம் போடாமல் உட்கார வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. ஆய்வாளர்கள் துப்பாக்கிகளைப் பிரித்து, உதிரிகளை ஒன்றாகக் கலந்து, திரும்பப் பூட்டிச் சுட்டுப் பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள். அளவுகோலோடு வாழ்கிற எனக்கு, தட்டச்சுப்பொறிக்காரன் செய்த ஃபிரேமில் ரயில் சிக்னல்காரன் செய்த ஸ்லைடு இத்தனை காலம் கழித்தும் நழுவாமல், இறுகாமல் ஓடுவதைப் பார்த்து ஏற்பட்ட மரியாதை இன்னும் குறையவில்லை. போர் முடிந்த பிறகு அகஸ்டா, ராக் ஐலண்ட், ஸ்பிரிங்ஃபீல்டு முதலிய ராணுவக் கிடங்குகளில் இவற்றை நூற்றுக்கணக்கில் பிரித்து, ஸ்லைடெல்லாம் ஒரு தொட்டி, ஃபிரேமெல்லாம் ஒரு தொட்டி என்று போட்டு, சோதித்து, புதுப் பூச்சுக் கொடுத்து, கைக்கு வந்ததைப் பூட்டி அனுப்பினார்கள். அரசின் ஆதரவோடு அலபாமாவின் அனிஸ்டனில் இயங்கும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் 2018இல் ராணுவ இருப்பிலிருந்து இந்தக் கைத்துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியபோது, தரத்துக்கேற்ப 850, 950, 1,050 டாலர் என விலை வைத்தார்கள். வாங்கியவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தது பெரும்பாலும் கதம்பத்தைத்தான். நான் கேள்விப்பட்டவரை யாரும் அதற்காகத் திருப்பி அனுப்பவில்லை. யாருக்கு விற்பது என்று முடிவுசெய்த குலுக்கலில் எண் விழவில்லையே என்றுதான் மற்றவர்கள் புலம்பினார்கள்.

ஆகவே கேள்வி 'இது கலந்ததா?' என்பதல்ல, 'இதைக் கலந்தது யார்?' என்பதுதான். கிடங்கு கலந்திருந்தால் அது ராணுவ வரலாற்றின் ஒரு பகுதி, அதைக் கலைப்பது தவறு. சென்ற மாதம் யாரோ ஒருவர், கையிருந்த நல்ல ஸ்லைடை எடுத்துக்கொண்டு வேறொன்றைச் செருகி விற்றிருந்தால், அதில் காப்பாற்றுவதற்கு ஒன்றுமில்லை, தாராளமாகப் பிரிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது உண்டு: படைப்பிரிவிலேயே பத்துப்பேர் ஒரே வாளி கரைப்பானில் உதிரிகளைக் கழுவி, பூட்டும்போது ஆளுக்கொரு ஸ்லைடை மாற்றி எடுத்துக்கொண்டுபோன கதை. எழுத்தில் எந்தப் பதிவும் இல்லாத கலப்பு அது.

கலந்தது கிடங்கு இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. கிடங்கில் புதுப்பித்திருந்தால் ஃபிரேமில் 'ஏ.ஏ.', 'ஆர்.ஐ.ஏ.' என்று ஏதேனும் ஒரு முத்திரை இருந்திருக்கும். அது இல்லாவிட்டாலும், பூச்சு இரண்டு பாகத்திலும் ஒரே நாளில் ஒரே தொட்டியில் ஏறியதாக இருந்திருக்கும். என்னுடையதில் ஃபிரேம் பார்க்கரைஸிங் எனப்படும் பாஸ்பேட் பூச்சில், சொரசொரப்பாக, பாசி படிந்த கல்போலச் சாம்பல் பச்சையாக இருந்தது. ஸ்லைடில் இருந்தது யூனியன் சுவிட்ச் பயன்படுத்திய டியூ-லைட் நீலம். மணல் வீசி மங்கலாக்கிய எஃகின்மேல் ஏற்றிய கருநீலம். இரண்டும் அந்தந்த ஆலையில் அந்தந்த ஆண்டில் ஏறிய முதல் பூச்சு.

அப்படியானால் எப்போது சேர்ந்தார்கள்? விற்றவரின் குடும்பக் கதை, மாமனார் நார்மண்டியில் இதை இடுப்பில் வைத்திருந்தார் என்பது. 'துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே' என்று இங்கே சேகரிப்பாளர்கள் அடிக்கடி சொல்வார்கள். அந்த அம்மையாரின் முகத்துக்கு நேராக அதை என்னால் சொல்ல முடியவில்லை. போருக்குப் பிந்தைய குழல் நார்மண்டிக் கதையைப் பொய்யாக்கிவிடவும் இல்லை. அத்தகைய குழல்கள் ராணுவ உபரிக் கடைகளில் தாராளமாக விற்றவை, எந்த ஆண்டிலும் எவரும் வாங்கி மாட்டியிருக்கலாம். குழலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

தேய்மானம் மட்டும் சில விஷயங்களைச் சொல்லியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பட்டறையிலிருந்து பத்து மடங்கு பெரிதாக்கும் கண்லென்ஸைக் கொண்டுவந்து, துப்பாக்கி வெறுமை என்று இரண்டு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்தேன். தோலுறைக்குள் போய் வருகிற துப்பாக்கியில் குழல்வாய்ப் பக்கத்து விளிம்புகளில் பூச்சு தேய்ந்து வெள்ளெஃகு தெரியும். என் ஸ்லைடின் இடப்பக்கக் கீழ்விளிம்பில் அப்படியொரு வெளுத்த பட்டை, பின்னோக்கிச் சாய்ந்து, கட்டைவிரல் அகலத்தில் இறங்கி வந்தது. ஸ்லைடு முடிந்து ஃபிரேம் தொடங்கும் இடத்தில் அந்தப் பட்டை நிற்கவில்லை. அதே சாய்வில், அதே அகலத்தில், நீலத்திலிருந்து சாம்பல் பச்சைக்குத் தாண்டிப்போய், ஃபிரேமின் முன்பகுதியில் ஓர் அங்குலத்துக்கு ஓடி மங்கியது. ஸ்லைடைக் கழற்றி, உள்ளே ஓடும் தடங்களைப் பார்த்தேன். ஃபிரேமின் தடத்தில் மினுமினுத்த இடமும் ஸ்லைடின் பள்ளத்தில் மினுமினுத்த இடமும் ஒன்றுக்கொன்று விடைசொல்லின. இவர்கள் இருவரும் ஒரே உறைக்குள் பல ஆண்டுகள் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். நேற்று நடந்த கலப்பல்ல. அதற்கு மேல் எந்தக் கண்லென்ஸும் சொல்லாது.

இங்கேதான் பணக்கணக்கு குறுக்கே வந்தது. 55,000 மட்டுமே செய்யப்பட்டதால் யூனியன் சுவிட்சின் உதிரிகளுக்கு எப்போதும் ஆள் உண்டு. ஸ்லைடு தொலைந்த யூனியன் சுவிட்ச் ஃபிரேமை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் ஸ்லைடு கிடைத்தால் அவர்களுடைய துப்பாக்கி 'முழுமை' அடைந்துவிடும். சட்டப்படி வரிசை எண் இருக்கிற ஃபிரேம்தான் துப்பாக்கி, ஸ்லைடு வெறும் உதிரி. அதை விற்க எந்தப் படிவமும் வேண்டாம். துப்பாக்கிச் சந்தையொன்றில் படத்தைக் காட்டிய சில நிமிடங்களில் ஒருவர் 700 டாலர் தருவதாகச் சொன்னார். அந்தப் பணத்தில் ஒரு ரெமிங்டன் ரேண்ட் ஸ்லைடு வாங்கி மாட்டி, காலத்துக்கேற்ற குழலும் பலகையும் தேடிப் பிடித்தால், என்னுடையதும் 1944இல் சிரக்யூஸ் ஆலையை விட்டு வந்ததுபோல் 'சரியாகி'விடும், கைக்காசும் அதிகம் போகாது, மதிப்பும் ஏறும். பக்கத்து மேசைக்காரர் இதை விளக்கிய வேகத்தைப் பார்த்தால், இதைச் செய்யாமலிருப்பது மடத்தனம் என்றே தோன்றியது.

அன்றிரவு தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் கணக்கில் ஒரு பிசகு தெரிந்தது. நான் 'சரிசெய்த' துப்பாக்கி சரியானதாக இருக்காது, சரியானதைப்போல் இருக்கும். அது சிரக்யூஸிலிருந்து எந்த ஸ்லைடோடு வெளியே போனது என்பது எவருக்கும் தெரியாது. நான் மாட்டப்போவது அதே ஆலையின் வேறொரு துப்பாக்கியிலிருந்து பிடுங்கிய ஸ்லைடு. என் கையில் இருக்கும்வரை அது பொய்யல்ல, ஏனென்றால் எனக்கு உண்மை தெரியும். எனக்குப் பிறகு வாங்குபவருக்கோ அதற்கடுத்தவருக்கோ அது 'அசல்' என்றே போய்ச்சேரும். போலி முத்திரைகளும் மறுபடி பொறித்த எழுத்துகளும் இந்தச் சந்தையில் ஏற்கெனவே போதுமான அளவு உண்டு. சிங்கர் பெயரைப் பொறித்துப் பார்த்தவர்களும் உண்டு. இந்த வகையில் நான் சற்றுக் கறாரானவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பட்டறையில் அளவுச் சீட்டில் பார்க்காத எண்ணை எழுதியதற்காக ஒரு பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பியவன் நான். அதே ஆள் இதைச் செய்யக்கூடாது.

அடுத்தது பூச்சு. ஸ்லைடின் வலப்பக்கத்தில், யாரோ பழைய உடைமையாளர் துருவைத் தேய்த்துவிட்டுக் கடையில் விற்கும் குளிர்நீலத் திரவத்தைத் தடவியதால், ஊதாநிறத் திட்டு ஒன்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் மெல்லிய கந்தக நெடி. புதுப்பிப்பதில் பெயர்பெற்ற ஒருவரிடம் விசாரித்தேன். இரண்டு பாகத்தையும் உரிய பூச்சில், உரிய சாயலில் கொண்டுவர 1,400 டாலர், எட்டு மாதக் காத்திருப்பு என்றார். அவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்: துப்பாக்கியின் மொத்த மதிப்பைவிடக் கூலி அதிகம், முடிந்த பிறகு சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை குறையவே செய்யும் என்பதையும் அவரே சொன்னார். விலையைவிட என்னைத் தடுத்தது வேறு. பாஸ்பேட் பிடிக்க வேண்டுமென்றால் எஃகின்மேல் மணல் வீச வேண்டும். நீலம் சீராக ஏற வேண்டுமென்றால் முதலில் மெருகுச் சக்கரத்தில் பிடிக்க வேண்டும். இரண்டிலும் முதலில் போவது எழுத்துகளின் விளிம்பு. திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போன கோயில்களைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் நாம். 'ஸ்விஸ்வேல், பி.ஏ.' (பென்சில்வேனியாவின் சுருக்கம்) என்ற அந்த வரியின் கூர்மை குறைந்தால் பிறகு இந்த ஸ்லைடுக்கு ஊரே கிடையாது. தவிர, நீலத்திலிருந்து பச்சைக்குத் தாண்டி ஓடிய அந்தத் தேய்மானப் பட்டைதான் இவ்விரு பாகங்களின் கூட்டு வாழ்க்கைக்கு இருக்கிற ஒரே சாட்சி. அதை 1,400 டாலர் கொடுத்து அழிப்பதா?

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். துரு உயிரோடு தின்றுகொண்டிருந்தாலோ, யாரேனும் நிக்கல் முலாம் பூசி, பார்வைக்குறியை வெட்டி, எழுத்துகளைச் சிதைத்திருந்தாலோ இந்த வாதமெல்லாம் செல்லாது. இழப்பதற்கு ஒன்றுமில்லாத துப்பாக்கிக்குப் புதுப்பூச்சு நல்லதே. வரிசை எண்ணை மட்டும் எந்த மெருகும் தொடக்கூடாது. அதை அழிப்பதோ மாற்றுவதோ மத்தியச் சட்டப்படி குற்றம். என்னுடையதில் வலப்பக்கப் பலகையின் கீழே வியர்வை அரித்த புள்ளிகள் இருந்தன. அது ஆறிய தழும்பு. எண்ணெய் தொட்ட பழைய வேட்டித் துணியால் இரண்டு வாரம் துடைத்ததில் துணியில் செம்மை வருவது நின்றுவிட்டது.

இவ்வளவும் யோசித்து, எதுவும் செய்ய வேண்டாம் என்று முடிவுகட்டியிருந்த சமயத்தில்தான், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் சோதனைக்குக் கொண்டுபோனேன். முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன் என்பதே சரி. எழுபதைத் தாண்டியவர். பூச்சையோ முத்திரையையோ அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஸ்லைடைக் கழற்றி, தோட்டா ஓடு வெளியேறும் வாயின் மூலைகளிலும், ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைக்கும் ஸ்லைடு ஸ்டாப் மாட்டும் பள்ளத்திலும், ஃபிரேமில் அந்தத் துளைக்கு மேலே தடம் மெலிந்த இடத்திலும் விரிசல் இருக்கிறதா என்று ஊடுருவும் சாயம் தடவிப் பார்த்தார், இல்லை. குழலின் பூட்டு வரிசைகளின் விளிம்பை நகத்தால் தடவினார், உருண்டுபோகவில்லை. தோட்டா வாய் போய்த் தங்கும் படிக்கும் ஸ்லைடின் முகத்துக்கும் உள்ள இடைவெளி, இந்தத் தோட்டாவுக்கு, 0.898 அங்குலத்துக்கும் 0.920 அங்குலத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும்; ஒரு கேஜில் மூடியது, மற்றதில் மூடவில்லை. மூன்று வெவ்வேறு இடங்களில் பிறந்த பாகங்கள் அந்த அளவுக்குள் நிற்பதைக் கண்டு நான் பூரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் வெறும் துப்பாக்கியைக் கையில் பிடித்து, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டார். 'க்ளக்' என்ற ஒலியோடு கூடவே இன்னொரு சின்ன ஒலி. முழுதாகப் பின்னுக்கு நிற்க வேண்டிய சுத்தியல், பாதி வழியில் இறங்கி நின்றிருந்தது. மறுபடி இழுத்து விட்டார், நின்றது. மூன்றாவது முறை மறுபடி இறங்கியது. அவர் ஒன்றும் பேசாமல் ஊசிகளைத் தட்டி எடுத்து, சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியர் என்ற சிறு கொக்கியைச் சுண்டுவிரல் நுனியில் வைத்து நீட்டினார். கண்லென்ஸில் பார்த்தேன். நேராக இருக்க வேண்டிய அதன் நுனி ஒரு பக்கம் சரிந்து, அரத்தின் கீறல்களோடு இருந்தது. விசையை இளக்குவதற்காக யாரோ சமையலறை மேசையில் அரம் போட்டிருக்கிறார்கள். தோட்டா ஏற்றிய நிலையில் இது முழுவதுமாக வழுக்கினால், விசையில் விரல் இல்லாமலே வெடிக்கும். நானோ ஐந்து மாதங்களாக முத்திரை எழுத்துகளையும் பூச்சின் சாயலையும் கண்லென்ஸ் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அளவு பார்ப்பது என் தொழில் என்று பெருமை வேறு.

அன்று எனக்குக் கேள்வியே மாறிப்போனது. கண்ணில் படுகிற இடமெல்லாம் இந்தத் துப்பாக்கி பழுதுபார்க்கத் தேவையில்லாதது. பழுது இருந்ததெல்லாம் கண்ணில் படாத இடத்தில். சந்தையில் எல்லோரும் மாற்றச் சொன்ன ஸ்லைடிலும் குழலிலும் பலகையிலும் ஒரு குறையும் இல்லை. யாரும் பெயர்கூடச் சொல்லாத சியர் மாற வேண்டும். அதோடு தளர்ந்த ஸ்பிரிங்குகள், குழலை ஃபிரேமோடு பிணைக்கும் தேய்ந்த லிங்க், உதடு விரிந்த மேகசின். ராணுவ உபரியில் வந்த பழைய சியர் ஒன்று அவருடைய டப்பாவிலேயே இருந்தது. எந்த ஆலையினுடையது என்று கேட்டேன். அதில் எழுத்து எதுவும் இல்லை. "அரசாங்கத்துடையது" என்று சிரித்தார். அதை உரிய கோணத்தில் தீட்டி மாட்டி, 16 பவுண்டு மீள்விசை ஸ்பிரிங் போட்டு, உதிரியும் கூலியுமாக 160 டாலர் வாங்கினார். ஸ்லைடை ஐம்பது முறை இழுத்து விட்டும் சுத்தியல் இறங்கவில்லை. பிப்ரவரியில் சுடுதளத்துக்குக் கொண்டுபோய், முதலில் மேகசினில் ஒன்று, பிறகு இரண்டு என்று ஏற்றி, சாதாரண 230 கிரெய்ன் தோட்டாக்கள் ஐம்பது சுட்டேன். இரண்டு ஓடுகள் சிக்கின, இரண்டும் அந்த வளைந்த மேகசினில். அதை மாற்றியதும் நின்றுவிட்டது. பதினைந்து கெஜத்தில் என் கைக்கு அது சுட்டதைப் பற்றி எழுதாமலிருப்பது நல்லது. துப்பாக்கியின் மேல் பழி போட முடியவில்லை.

700 டாலர் தருவதாகச் சொன்னவர் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டார். இரண்டாம் முறை, அவருடைய ஃபிரேமை விற்கும் எண்ணம் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். விற்ற அம்மையாரிடம் நான் கண்டதைச் சொன்னேன். ஸ்லைடும் ஃபிரேமும் நெடுநாள் ஒன்றாக இருந்தவை என்பது மட்டும் உறுதி, நார்மண்டியைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அரம் போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. காலமான நண்பர் பட்டறையில் எதைக் கண்டாலும் அரத்தை எடுப்பவர் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

பெட்டிக்குள் இப்போது துப்பாக்கியோடு ஓர் உறையும் இருக்கிறது. அதில் பழைய சியர், பழைய லிங்க், கழற்றிய ஸ்பிரிங்குகள், ஒரு தாள். ஸ்லைடு ஸ்விஸ்வேல் 1943, ஃபிரேம் சிரக்யூஸ் 1944, குழல் போருக்குப் பின், சியர் எங்கிருந்து வந்ததென்று தெரியாது, மாற்றிய தேதி இது, மாற்றிய காரணம் இது என்று ஆங்கிலத்தில் எழுதி, அடியில் கையெழுத்திட்டிருக்கிறேன். என் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, சியர் என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, உறையின் மேல் தமிழில் 'இதை மறுபடி மாட்டாதே' என்று எழுதினார். எங்கள் மகனுக்குத் தமிழ் படிக்க வராது என்று நினைவூட்டினேன். அதன் கீழே ஆங்கிலத்திலும் எழுதிவிட்டு உறையை ஒட்டினார்.